அட்டவணையில் இல்லாத பீலி

அறிக்கையின் நான்காம் அத்தியாயத்தில் ஓர் அட்டவணை. தடுப்பணைக்கும் மின்நிலையத்துக்கும் இடைப்பட்ட ஆற்றுத் துண்டில் யார் யார் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று கேட்கும் அட்டவணை. விவசாயம், குளிப்பு, குடிநீர், கைத்தொழில் என்று நாலு வரிசை. நாலுக்கும் நேரே "இல்லை" என்று இருந்தது. அந்த "இல்லை" நாலையும் அடித்தவள் நான். தேயிலைத் தோட்டக் கந்தோரிலிருந்து வந்த படிவத்தைப் பார்த்து, கொழும்பில் மேசையில் இருந்தபடி அடித்தேன்.

நான் ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனத்தின் சுற்றாடல் பிரிவில் வேலை செய்தேன். சிறு நீர்மின் திட்டம் ஒன்றுக்கு அனுமதி எடுக்கும் பைல் என் கைக்கு வந்தது. முழுதாக முடிய இரண்டு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. இதே வழியில் இப்போது நிற்பவர்களுக்கும், தங்கள் ஓடையில் அணை வரப்போகிறது என்று கேள்விப்பட்டவர்களுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

திட்டம் சிறியது, 1.6 மெகாவாட். களனி கங்கைக்குப் போய்ச் சேரும் ஒரு மலையோடையின் குறுக்கே ஆள் உயரத் தடுப்பணை. அங்கிருந்து சரிவை ஒட்டி வாய்க்கால். பிறகு குழாய்க்குள் 110 மீற்றர் இறங்கினால் மின்நிலையம். எடுத்த தண்ணீர் அவ்வளவும் திரும்ப ஆற்றுக்கே வந்துவிடும். அதனால் இத்தகைய திட்டங்கள் தண்ணீரைச் செலவழிப்பதில்லை என்று எல்லா விண்ணப்பத்திலும் எழுதுவோம். எழுதுவது உண்மைதான். ஆனால் எடுக்கிற இடத்துக்கும் விடுகிற இடத்துக்கும் நடுவில் 1.8 கிலோமீற்றர் இருந்தது. அந்தத் தூரத்துக்கு ஆறு என்ன ஆகும் என்பதுதான் அனுமதியின் முழு விஷயமும். மற்ற எல்லாம் கடிதப் போக்குவரத்து.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தம்தான், பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் அனுமதி கட்டாயம் என்றது. எவையெவை என்று பட்டியலிட்டது 1993 ஜூன் 24ஆம் திகதிய 772/22 இலக்க அதிவிசேட வர்த்தமானி, அதாவது அரசிதழ். 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையம் அதில் நேரடியாக வருகிறது. 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டம் தொண்ணூறுகளில் முதலில் மறுக்கப்பட்டு, மேன்முறையீட்டுக்குப் பிறகே அனுமதி பெற்றதும், 2012இல் ஓடத் தொடங்கியதும் மலையகத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. எங்களுடையது 1.6தானே, நமக்கென்ன என்று முதலீட்டாளர் கேட்டார். அதே வர்த்தமானியில் இடத்தைப் பார்த்துப் பிடிக்கும் பகுதியும் உண்டு. ஒதுக்கப்பட்ட காட்டின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் இருந்தாலோ, எந்த இடத்திலாவது 25 மீற்றருக்கு மேல் அகலமுள்ள பொது ஓடையின் கரையிலிருந்து 60 மீற்றருக்குள் இருந்தாலோ, எவ்வளவு சிறிய திட்டமும் உள்ளே வந்துவிடும். எங்கள் அணைக்கு மேலே ஒரு காட்டுத் துண்டு இருந்தது. அவ்வளவு போதும்.

ஆக, ஒரு பக்கம் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையின் தற்காலிக அனுமதி. அது கையில் இருந்தால்தான் மற்ற அலுவலகங்கள் கதைக்கும். மறுபக்கம் பத்தரமுல்லையில் மத்திய சுற்றாடல் அதிகாரசபை. வெள்ளவத்தையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் கொள்ளுப்பிட்டி, அங்கிருந்து 177இல் பத்தரமுல்லை. அந்த இரண்டு பஸ்ஸிலும் எத்தனை நாள் போயிருப்பேன் என்று கணக்கில்லை. முதலில் அடிப்படைத் தகவல் படிவம். பிறகு பல திணைக்களங்களும் கூடி, எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று தீர்மானிக்கும் கூட்டம். இடத்தைப் பார்க்க ஒரு பயணம். அதற்குப் பிறகு ஆய்வு வரையறை கையில் கிடைத்தது. எங்களுக்குச் சொல்லப்பட்டது ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை. முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவையில்லை என்றார்கள். கந்தோரில் அன்று எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்துக்குக் காரணத்தை விளக்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் விஷயம் இருக்கிறது. முழு மதிப்பீடு என்றால் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் மொழிக்கு ஒரு பத்திரிகையிலும் அறிவித்தல் போட வேண்டும். அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து 30 நாள் கருத்துக் கேட்க வேண்டும். ஆரம்ப பரிசோதனைக்கு, 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அந்தக் கட்டாயம் இல்லை. அறிக்கை பொது ஆவணம்தான், யாரும் போய்க் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் இப்படியோர் அறிக்கை இருக்கிறது என்று யாருடைய வீட்டுக் கதவையும் அது தட்டாது. அப்படியானால், ஆற்றங்கரையில் இருப்பவர்களுடைய பேச்சு உள்ளே வருவதற்கு ஒரே வழி, அறிக்கை எழுதுகிறவர் நேரே போய்க் கேட்பதுதான். நாங்கள் கேட்டிருந்தோம். எப்படி? சிங்களத்தில் அச்சடித்த வினாக்கொத்தைத் தோட்டக் கந்தோரில் கொடுத்தோம். கிளாக்கர் நிரப்பி அனுப்பினார். தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குத் தோட்டத்துத் தாங்கியிலிருந்து குழாய்த் தண்ணீர் போகிறது என்று எழுதியிருந்தார். அதை நம்பித்தான் நாலு "இல்லை".

வறண்ட காலத்து நீரோட்டத்தை அளப்பதற்காக மாசி மாதம் போனோம். நானும் ஒரு தொழினுட்ப உதவியாளரும். அளந்து முடித்து மேலே ஏறி வரும்போது லயத்துக்குப் பக்கத்தில் ஒரு சீமெந்துத் திட்டு. அதன் மேல் நீட்டிக்கொண்டிருந்த கறுப்புக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வயதான அம்மா நீல நிறக் கேனைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மிஸ், ஒங்க கொம்பனி ஆத்த மறிச்சு அணை கட்டப் போகுதாமே. அப்பறம் பீலிக்கு தண்ணி எங்கேருந்து வரும்?"

பீலி என்றால் இப்படித் தண்ணீர் கொட்டும் குழாய்வாய். அந்தச் சொல்லை அதற்கு முன் புத்தகத்தில் பார்த்திருக்கலாம். ஒருவர் தன் பீலி என்று சொல்லிக் கேட்டது அன்றுதான். இந்தத் தண்ணீர் தாங்கியிலிருந்து வருவதில்லையா அம்மா என்று கேட்டேன்.

"தாங்கி தண்ணி நாலு வருஷமா வரல மிஸ். இது எங்க புள்ளைங்க இழுத்த பைப்பு."

அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டே மேலே நடந்தோம். தேயிலை மலைக்கு ஊடாக, பிறகு மானாப்புல்லுக்கு ஊடாக, நாற்பது நிமிடம். பொருத்து வந்த இடமெல்லாம் சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தது. ஓரிடத்தில் பாறைக்கு மேல் போகாமல் இருக்க, குழாய்க்கென்றே கல்லைக் கொத்திப் பள்ளம் எடுத்திருந்தார்கள். கடைசியில் ஓடையில் ஒரு கல்லுக்கிடங்கு, பாறைக்கு நடுவில் தண்ணீர் தேங்கும் பள்ளம். குழாயின் வாயில் வெங்காய வலைப் பையைச் சுற்றி, மேலே ஒரு கல்லை வைத்து அமிழ்த்தியிருந்தது. ஜீபிஎஸ்ஸில் பார்த்தேன். நாங்கள் அணை கட்டப் போகும் இடத்திலிருந்து 300 மீற்றர் கீழே. அதாவது சரியாக அந்த 1.8 கிலோமீற்றருக்குள்.

திரும்ப இறங்கிப் போய் அந்த அம்மாவின் கேன் நிறையும் நேரத்தைப் பார்த்தோம். 20 லீற்றருக்கு 65 செக்கன். செக்கனுக்கு ஒரு லீற்றரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 43 குடும்பம் அதில்தான்.

கொழும்புக்கு வந்து சொன்னபோது, எங்கள் வடிவமைப்புப் பொறியியலாளர் இரண்டு விடயம் சொன்னார். இரண்டும் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தன. ஒன்று, ஆற்றில் செக்கனுக்கு 25 லீற்றர் விடுவதாக ஏற்கனவே எழுதியிருக்கிறோம், அவர்களுக்குத் தேவை மூன்றில் ஒரு லீற்றர், எழுபது மடங்குக்கு மேல் இருக்கிறதே. இரண்டு, மாசியில் ஆறே 70 லீற்றருக்கு வந்துவிடுகிறது, அவ்வளவு குறைந்த நீரில் டர்பைன் ஓடாது, நாங்கள் தண்ணீரே எடுக்கமாட்டோம், ஆகவே கோடையில் பீலிக்குப் பாதிப்பு வராது.

இரவு முழுக்க அதை யோசித்தேன். இரண்டாவது வாதத்தைத் தலைகீழாகப் பிடித்தால்தான் உண்மை தெரிகிறது. கோடையில் டர்பைன் நிற்கும், ஆறு முழுதாகக் கீழே போகும். சரி. ஆனால் மழை விழுந்து ஆறு 300, 400 லீற்றர் என்று ஏறினதும் இயந்திரம் ஓடத் தொடங்கும். 25ஐ விட்டுவிட்டு மிச்சம் அத்தனையையும் வாய்க்கால் எடுத்துக்கொள்ளும். டர்பைனின் முழுக் கொள்ளளவான 1,700 லீற்றரைத் தாண்டி வெள்ளம் வந்தால்தான் அணைக்கு மேலால் வழியும். அதாவது இந்தப் பீலி காய்வது வரட்சியில் அல்ல. தண்ணீரைப் பற்றி யாரும் கவலைப்படாத மழை மாதங்களில். அந்த ஆறு இதுவரை கண்ட மிகக் கடுமையான கோடையைவிட மோசமான நிலை, வருடத்தின் பெரும்பகுதிக்கு.

முதல் வாதத்தில் பிழை, அது அளவைப் பார்த்தது, மட்டத்தைப் பார்க்கவில்லை. கல்லுக்கிடங்கில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதுதான் குழாய்க்கு முக்கியம். இதை வாயால் சொல்லி ஒருவரையும் நம்பவைக்க முடியாது என்று தெரிந்தது. பங்குனியில் திரும்பப் போனோம். லயத்து ஆட்களிடம் முதலே சொல்லி, காலையில் எல்லோரும் தண்ணீர் பிடித்து முடித்த பிறகு, கிடங்குக்கு மேலே ஓடை இரண்டாகப் பிரிகிற இடத்தில் மணல் மூட்டை அடுக்கி, கிடங்குக்கு வருவதை 25 லீற்றராகக் குறைத்தோம். ஏழெட்டு இளைஞர்கள் மூட்டை தூக்க வந்தார்கள். கிடங்கு மெதுவாக இறங்கியது. பாறையில் ஈரக்கோடு விரலளவாகி, சாணளவாகியது. முக்கால் மணித்தியாலத்தில் வெங்காய வலை வெளியே தெரிந்தது. குழாய் காற்றை இழுத்துக் களக் களக் என்று சத்தம் போட்டது. கீழே பீலியில் நின்றவரிடமிருந்து போன் வந்தது, தண்ணீர் நின்றுவிட்டது என்று. அந்தச் சத்தத்தை வீடியோவில் எடுத்து வைத்தேன்.

அங்கே நின்ற ஒருவர் பண்டாரவளையைச் சொன்னார். உமா ஓயா நீர்மின் திட்டத்தின் சுரங்கத்துக்குள் நீர் கசிந்து அந்தப் பக்கத்துக் கிணறுகள் வற்றிப்போனது மலைநாட்டில் யாருக்கும் மறக்கவில்லை. அது 120 மெகாவாட், எங்களுடையது ஒரு வாய்க்கால், இரண்டும் ஒன்றல்ல என்று நான் சொல்ல வாயெடுத்தேன். ஈரக்கோட்டைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல மனம் வரவில்லை.

நிறுவனத்தில் முதலில் வந்த யோசனை, ஒரு தாங்கி கட்டிக் கொடுத்துவிடலாம் என்பது. நான் மறுத்தேன். தாங்கி ஏற்கனவே ஒன்று இருக்கிறது, அதில்தான் நாலு வருடமாகத் தண்ணீர் இல்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தோம். கூடுதலாக 20 லீற்றர் ஆற்றில் விட்டால், 110 மீற்றர் உயரத்துக்குச் சுமார் 18 கிலோவாட் இழப்பு. 1,600 கிலோவாட்டில் 18. இந்தக் கணக்கை ஆரம்பத்திலேயே யாராவது போட்டிருந்தால் நாலு மாதம் சண்டை பிடித்திருக்கத் தேவையில்லை.

இறுதி வடிவம் இப்படி வந்தது. அணையின் உடலுக்குள்ளேயே ஒரு குழாய், வால்வு இல்லாதது. அதன் வாய், வாய்க்கால் தொடங்கும் மட்டத்தைவிடக் கீழே. ஆகவே எவ்வளவு குறைந்த தண்ணீர் வந்தாலும் முதலில் ஆற்றுக்குப் போய், மிச்சம்தான் வாய்க்காலுக்கு ஏறும். திறப்பதற்கும் பூட்டுவதற்கும் ஒன்றுமில்லாததால் காவலாளியின் நல்ல மனதை நம்பியிருக்கவும் தேவையில்லை. பீலிக்கென்று அதே மட்டத்தில் தனியாக இன்னொரு சிறு குழாய், அணையிலிருந்தே. இரண்டையும் வரைபடத்தோடு அறிக்கையில் சேர்த்தோம். தொழினுட்ப மதிப்பீட்டுக் குழுவின் முன்னால் வீடியோவைப் போட்டேன். கேள்விகள் வரைபடத்தைப் பற்றியே வந்தன. அனுமதிக் கடிதத்தில் அந்த இரண்டு குழாய்களும் நிபந்தனையாக ஏறின.

இடையில் வந்த மற்றவற்றை நீட்டவில்லை. மண்சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், காட்டெல்லைக்கு வனத் திணைக்களம், பிரதேச செயலகம், தோட்டக் காணிக்குச் சம்மதக் கடிதம் என்று ஒவ்வொன்றும் தன்பாட்டில் நடந்தது. ஓர் அலுவலகத்தில் மட்டும் எங்கள் கடிதம் ஐந்து மாதம் ஒரு மேசையில் கிடந்தது. தபாலில் அனுப்பாதீர்கள், கையில் கொண்டுபோய்க் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். நீரோட்ட அளவை ஆய்வு வரையறை வரும்வரை பார்த்திராமல் முதல் நாளே தொடங்குங்கள், ஒரு பருவம் தவறினால் ஒரு வருடம் போய்விடும். வினாக்கொத்தை அங்கே உள்ளவர்கள் பேசும் மொழியில் அச்சடித்து, லயத்துக்கே கொண்டுபோங்கள். அதுவும் பெண்கள் மலையிலிருந்து இறங்கி வந்த பிறகு, பின்னேரத்தில் போங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தண்ணீர் தூக்குகிறவர்களுக்குத்தான் தெரியும்.

அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளைத் தமிழில் எழுதி, ஒரு பக்கமாக்கி, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் ஒட்டச் சொன்னேன். சட்டப்படி அது கட்டாயமில்லை. நிறுவனத்தில் ஒருவர், பிறகு அவர்கள் அதைக் காட்டிக் கேள்வி கேட்பார்களே என்றார். அதற்குத்தானே ஒட்டுகிறோம் என்று சொன்னேன்.

மின்நிலையம் ஓடத் தொடங்கிய வருடம் ஆடி மாதத்தில் கண்காணிப்புக்குப் போனேன். நல்ல மழைக்காலம், டர்பைன் முழுவேகத்தில். பீலியில் அதே அம்மா இல்லை, அவருடைய பேத்தி நின்றாள். கேன் 50 செக்கனில் நிறைந்தது. ஆனால் அவள் ஒன்று சொன்னாள். அணையின் வாயில் சருகு அடைத்து, இரண்டு தடவை தண்ணீர் நின்றுவிட்டதாம். அண்ணன்மார் ஏறிப் போய் எடுத்துவிட்டார்களாம்.

எங்கள் கண்காணிப்புப் படிவத்தைப் புரட்டிப் பார்த்தேன். குழாயின் விட்டம் இருந்தது, மட்டம் இருந்தது, லீற்றர் கணக்கு இருந்தது. அதன் வாயைத் துப்புரவு செய்வது யாருடைய வேலை என்ற வரி இல்லை. அணைக் காவலாளி, வாரத்துக்கு ஒரு தடவை, மழை நாளில் தினமும் என்று பேனையால் எழுதிச் சேர்த்தேன். தளப் பொறுப்பாளரிடம் அந்த இடத்திலேயே கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை மடுவத்துக் கடதாசிக்குக் கீழே ஒட்டிவிட்டு வந்தேன்.