தன் உடலிலேயே சோதனை செய்பவரை யார் கேள்வி கேட்பது?

குரோயேஷியாவின் ஸாக்ரெப் பல்கலைக்கழக வைரஸ் ஆய்வாளர் பெயாட்டா ஹலாசி, மார்பகப் புற்றுநோய் 2020இல் மீண்டும் தலைதூக்கியபோது, தம் ஆய்வகத்தில் தயாரித்த தட்டம்மை வைரஸையும் பின்னர் வேறொரு வைரஸையும், புற்றுநோய்ச் செல்களை அழிக்கும் நோக்கில் கட்டிக்குள் செலுத்திக்கொண்டார். அவருடைய புற்றுநோய் மருத்துவர்கள் உடல்நிலையைக் கண்காணிக்க இசைந்தனர். கட்டி சுருங்கி, அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்டது. ஆயினும் அதைப் பற்றிய கட்டுரையைப் பத்துக்கும் மேற்பட்ட இதழ்கள் மறுத்தன. 2024இல்தான் அது வெளிவந்தது.

பிற நோயாளிகள் இதைப் பின்பற்றிவிடுவார்கள் என்ற இதழ்களின் அச்சம் நியாயமானதே. ஆனால் நடந்து முடிந்த சோதனையின் விவரங்களை மறைப்பதால் யாருக்கும் பாதுகாப்பு கிடைப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மனிதர்கள் மீதான மருத்துவச் சோதனைகளுக்கு வரம்பு வகுத்த 1947ஆம் ஆண்டின் நியூரம்பெர்க் நெறிமுறை, மரணமோ ஊனமோ நேரும் என்று முன்கூட்டியே கருத இடமுள்ள சோதனைகளைத் தடைசெய்தபோதும், மருத்துவர்கள் தாங்களே சோதனைக்கு உட்படும் நேர்வுக்கு 'ஒருவேளை' என்ற தயக்கத்தோடு விலக்கு அளித்தது. 1984இல், இரைப்பை நோய்க்குக் காரணம் என்று தாம் கருதிய ஹெலிகோபாக்டர் பைலோரி பாக்டீரியாவைக் குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளான ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல், நெறிமுறைக் குழுவின் அனுமதியைக் கேட்கவே இல்லை. 2005இல் ராபின் வாரனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வென்றவர்களையே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். மஞ்சள் காய்ச்சல் ஆய்வின்போது 1900இல் கியூபாவில் அந்நோயாலேயே இறந்த அமெரிக்க மருத்துவர் ஜெஸ்ஸி லசியரை எத்தனை பேர் அறிவர்?

என்னை அதிகம் உறுத்துவது ஆய்வகத்தின் இளையவர்களின் நிலைதான். தலைவரே ஊசி போட்டுக்கொள்ளும் இடத்தில், அவர்களால் மனம்விட்டு மறுக்க முடியுமா? அதற்காகத் தடை வேண்டாம். ஆனால் ஆய்வாளரின் கீழ் பணியாற்றாத ஒரு சிறு குழு, சில நாட்களுக்குள் திட்டத்தைப் படித்து, அபாயத்தையும் உதவுபவர்களின் சம்மதத்தையும் விசாரித்தாக வேண்டும்.