பரங்கிமலை வரை வந்த ஐதர்

எங்கள் பாட்டிக்குக் கும்பகோணம் பக்கம். வீட்டிலிருந்த பழைய பித்தளை அண்டாவை யாராவது காட்டிக் கேட்டால், "அது ஐதர் காலத்துச் சாமான்" என்பார். சின்ன வயதில் ஐதர் என்று ஒரு ஆள் இருந்தார் என்பதே எனக்குத் தெரியாது, ரொம்பப் பழசு என்பதற்கு அது ஒரு வார்த்தை, அவ்வளவுதான். போன ஞாயிற்றுக்கிழமை பரங்கிமலைப் படியேறி மேலே நின்று, விமானங்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த வார்த்தை ஞாபகம் வந்தது. அந்த மனிதர் இங்கேதான் வந்து நின்றார்.

1769 மார்ச். ஆங்கிலேயப் படை அவரைத் தேடி வேறெங்கோ அலைந்துகொண்டிருக்க, மைசூரை ஆண்ட ஐதர் அலி தன் பெரும்படையை விட்டுவிட்டுச் சுமார் 6,000 குதிரை வீரர்களோடு மூன்றரை நாளில் 130 மைல் கடந்து பரங்கிமலைக்கு வந்துவிட்டார். இங்கிருந்து ஆங்கிலேயர் இருந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு இன்றைய அண்ணா சாலை வழியாகப் போனால் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். ஆனால் அவர் கோட்டையைத் தாக்கவில்லை. குதிரையை வைத்துக்கொண்டு கோட்டைச் சுவரை உடைக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். வந்து நின்றாலே போதும் என்பதும் தெரியும். கோட்டைக்காரர்கள் ஆள் அனுப்பிப் பேசினார்கள், ஏப்ரல் மாதத்தில் ஒப்பந்தம் ஆனது. பிடித்த ஊர்களைத் திருப்பித் தருவது, ஒருவரை வேறு யாராவது தாக்கினால் மற்றவர் உதவிக்கு வருவது என்று பேச்சு. அடுத்த ஓரிரு வருடத்தில் மராட்டியர்கள் மைசூர்மீது பாய்ந்தபோது ஆங்கிலேயர் ஒருவரும் வரவில்லை. அந்த வஞ்சத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

ஐதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தஞ்சாவூரில் வாழ்ந்த ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸ் 1779இல் ஸ்ரீரங்கப்பட்டணம் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்து எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. ஐதர் ஒருவரிடம் கடிதம் சொல்லி எழுதவைப்பார், எழுதியவரையே படிக்கச் சொல்லிக் கேட்பார், அப்புறம் வேறொருவரைக் கூப்பிட்டு அதே கடிதத்தை மறுபடி படிக்கச் சொல்வார். ஒரு வார்த்தை மாறியிருந்தாலும் எழுதியவர் தலை போகும். படிக்காதவர் ஒரு ராஜ்ஜியத்தைக் கையில் வைத்திருந்தது இப்படித்தான். இதைப் படித்தபோது எனக்கு வியப்பும் வந்தது, பயமும் வந்தது.

1780இல் சுமார் 80,000 பேரோடு ஆங்கிலேயர்மீது மறுபடி இறங்கினார். செப்டம்பர் 10, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூர். மகேந்திரவர்ம பல்லவன் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிற அதே புள்ளலூர். ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படை அங்கே மொத்தமாக அழிந்தது. காஞ்சியில் இருந்த ஆங்கிலேயத் தளபதி ஹெக்டர் மன்றோ, பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடிவந்தார்.

சரி, இவ்வளவு ஜெயித்தவர் ஏன் கோட்டையைப் பிடிக்கவில்லை? மெரினாவில் நின்று பார்த்தால் பதில் எதிரிலேயே இருக்கிறது. சென்னையைச் சுற்றியிருந்த வயல்களை ஐதர் எரித்தார், கோட்டைக்கு அரிசி வங்காளத்திலிருந்து கப்பலில் வந்தது. அயர் கூட் (Eyre Coote) என்ற ஆங்கிலேயத் தளபதியும் கல்கத்தாவிலிருந்து கப்பலில்தான் வந்து இறங்கினார். ஐதர் மேற்குக் கரையில் ஆசையாகக் கட்டிய கப்பல்களை 1780 டிசம்பரில் ஆங்கிலேயர் மங்களூரிலேயே அழித்துவிட்டார்கள். 1781 தொடக்கத்தில் கடலூரில் கூட்டின் படை சாப்பாட்டுக்கே தவித்தபோது ஐதர் பக்கம் இருந்த பிரெஞ்சுக்காரர்களின் கப்பல்கள் எதிரே வந்து நின்றன. இன்னும் சில நாள் இருங்கள் என்று ஐதர் கெஞ்சியும் கேட்காமல் போய்விட்டன. அந்த ஜூலையில் பரங்கிப்பேட்டையில் ஐதருக்குத் தோல்வி.

அதற்கப்புறம் அமைச்சர் பூர்ணய்யாவிடம் ஐதர் மனம்விட்டுப் பேசியதை, பின்னாளில் மைசூரில் ரெசிடெண்டாக, அதாவது ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்த மார்க் வில்க்ஸ் பதிவு செய்திருக்கிறார். லட்சம் வராகன் பொற்காசு கொடுத்துக் கொஞ்சம் கள் வாங்கிவிட்டேன் என்றாராம். ஆங்கிலேயரோடு மனக்கசப்பு இருந்தது உண்மை, ஆனால் சண்டை போடுகிற அளவுக்கு இல்லை என்றாராம். எத்தனை பெய்லிகளைத் தோற்கடித்தாலும் இவர்கள் அழியமாட்டார்கள், நிலத்தில் இருப்பதையெல்லாம் நான் நாசம் செய்யலாம், கடலை வற்றவைக்க முடியாது என்றும் சொன்னாராம். நான் படித்த எந்தப் படைத்தலைவரும் தன் தப்பை இவ்வளவு தெளிவாகக் கணக்குப் போட்டுச் சொன்னதில்லை.

ஆனால் அதை அவர் சொன்னது தன் அமைச்சரிடம் மட்டும்தான், சண்டை நிற்கவில்லை. 1781இல் அவருடைய குதிரைகள் காவிரிக் கரைக்குப் போயின. மதகுகள் உடைந்தன, வயல் கருகியது, ஆடு மாடு போயிற்று, பிள்ளைகளைக்கூடப் பிடித்துக்கொண்டு போனார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் அதை "ஐதர் கலாபம்" என்றே சொல்வார்கள். பாட்டி வாயில் இருந்த அந்த வார்த்தை வெறும் பழமையைச் சொல்ல வந்ததில்லை என்று இப்போதுதான் புரிகிறது. ஐதரின் புத்தியை நான் மதிக்கிறேன், அந்தக் கலாபத்துக்கு மட்டும் எந்த நியாயமும் என்னால் சொல்ல முடியாது.

1782 டிசம்பர் 7, சித்தூருக்குப் பக்கத்தில் முகாமில் முதுகுக் கட்டியால் இறந்தார். மகன் திப்பு அப்போது மலபாரில். ஐதர் இல்லை என்று தெரிந்தால் படை கலைந்துவிடும் என்று பயந்து, உயிரோடு இருப்பதுபோலவே நிர்வாகத்தை நடத்தினார்கள். உடலை வாசனைத் திரவியம் நிரப்பிய பெட்டியில் வைத்து, கஜானாப் பணம் போவதுபோலக் காவலோடு ராத்திரியில் கோலாருக்கு அனுப்பினார்கள்.