ஈரத்தோடு நின்றவர்

"படையல் போட்டுடவாம்மா?" என்று அந்த அக்கா கேட்டார்.

"ஒரு வாரம் பொறுங்கக்கா. கனவு இன்னும் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்" என்றேன்.

நடந்தது இவ்வளவுதான். பதினோரு மாதம் ஆகிறது. கவுன்சிலிங் அறையில் நான் சொன்ன எத்தனையோ வார்த்தைகள் மறந்துவிட்டன, இந்த ஒரு வாக்கியம் மட்டும் போக மறுக்கிறது. (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

கனவு சின்னது. இறந்துபோன மாமியார் வாசப்படியில் நிற்கிறார். புடவை சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. உள்ளே வருவதில்லை. "சோறு வை" என்கிறார். அக்கா பானையைத் திறப்பதற்குள் விழிப்பு வந்துவிடும். அதன் பிறகு தூக்கம் கிடையாது. விடிவதற்குள் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலத்துக்கு நிற்க வேண்டும். உடம்பில் ஒன்றுமில்லை என்று சொல்லி டாக்டர் என்னிடம் அனுப்பியிருந்தார்.

வியாபாரம் முடிந்து நேராக வருவார். அன்னக்கூடையைக் கதவுக்கு வெளியே வைத்தாலும் ஐஸ் உருகிய தண்ணீர் வாசல் வழியாக உள்ளே கோடாக ஓடிவரும். பேசிக்கொண்டே காலால் ஒரு பழைய துணியை நகர்த்தி அதைத் துடைத்துக்கொண்டிருப்பார். மணிக்கட்டில் வளையலுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒன்றிரண்டு செதில் ஒட்டியிருக்கும்.

ஆழ்மன உளவியலில் கனவைக் கேட்க இரண்டு வழி உண்டு. கனவில் வருபவரை வெளியில் இருக்கும் அந்த ஆளாகவே எடுத்துக்கொள்வது ஒன்று. கனவு காண்பவருடைய மனதின் ஒரு பகுதியே அந்த உருவத்தில் வருகிறது என்று எடுத்துக்கொள்வது இன்னொன்று. சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் இரண்டையுமே பயன்படுத்தச் சொன்னவர். எனக்குப் பிடித்தது இரண்டாவது. அதனால்தான் கேட்டேன்: "அப்படி நனைஞ்சு, பசியோட நிக்கிறது உங்களுக்குள்ளயே இருக்கிற யாராவதா இருக்கலாமாக்கா?"

அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். "எனக்குள்ளயா? அவங்க வாசல்ல இல்ல நிக்கிறாங்க?"

அதற்கு அடுத்துத்தான் படையல் பற்றிக் கேட்டார்.

நான் பொறுக்கச் சொன்னதற்குக் காரணம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. சடங்கு சில நேரம் மூடியாகிவிடும். வருஷம் தவறாமல் திதி கொடுத்துவிட்டு, அப்பாவின் பெயரைச் சொன்னால் மட்டும் கை நடுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கனவு உயிரோடு இருக்கும்போதே அதன் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் என்று நினைத்தேன். நாட்காட்டியைப் பார்க்கத் தோன்றவில்லை. அமாவாசைக்குத் திதி கொடுக்கக் கடற்கரையில் கூட்டம் கூடும் தேவனாம்பட்டினத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, அந்த வாரம் ஆடி அமாவாசை என்பது எனக்கு நினைவில்லை என்று எப்படிச் சொல்வது?

அடுத்த வாரம் வந்தார். கூடையை இறக்கும்போதே சொன்னார்: "ஆடி போச்சும்மா. இனி புரட்டாசி வரைக்கும் அவங்க அப்படியே ஈரத்தோட நிக்கணும்."

கோபம் இல்லை குரலில். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் பேச்சைக் கேட்டு, வீட்டில் எல்லோரும் சொல்லியும், இலை போடாமல் இருந்திருக்கிறார்.

யுங்கையே நினைத்துக்கொள்கிறேன். 1916-இல் ஒரு ஞாயிறு மாலை, சுவிட்சர்லாந்தில் க்யூஸ்னாக்ட் ஊரில் இருந்த அவர் வீட்டு அழைப்பு மணி விடாமல் அடித்தது, வாசலில் யாருமில்லை. வீடு முழுக்க இறந்தவர்கள் நெருக்கியடித்து நிற்பதுபோல் உணர்ந்ததாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவர்களுக்காக மூன்று மாலைகள் உட்கார்ந்து எழுதினார். பேனாவைத் தொட்டதும் கூட்டம் கலைந்ததாம். இதைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். வாசலில் வந்து நின்றவர்களுக்கு அவர் வைத்ததும் ஒரு படையல்தானே? அவருக்கு நான் தருகிற மரியாதையை இந்த அக்காவுக்கு ஏன் தரவில்லை? கல்கத்தாவில் 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், தன் இந்திய நோயாளிகளிடம் காண்பது ஐரோப்பியர்களிடம் காண்பதைவிட வேறு மாதிரி இருக்கிறது என்று, உளப்பகுப்பாய்வை உருவாக்கிய பிராய்டுக்கே எழுதியவர். எழுதி இத்தனை வருஷம் ஆகியும், நான் ஒரு புத்தக வழியைத்தான் முதலில் நீட்டினேன்.

ஆனால் அதே நாள், அதே நாற்காலியில் இன்னொன்றும் நடந்தது. துணியைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"கடைசி அன்னிக்குக் கஞ்சி கேட்டாங்கம்மா. கூடை நெறைய மீனு. வித்துட்டு வந்து தர்றேன் அத்தைன்னேன்."

வேறொன்றும் சொல்லவில்லை. வந்து பார்க்கும்போது என்ன ஆகியிருந்தது என்று நானும் கேட்கவில்லை. தண்ணீர் மேசைக்கால் வரை வந்துவிட்டது, இருவருமே துடைக்கவில்லை. ஒன்பது வருஷமாக யாரிடமும், புருஷனிடம்கூட, இதைச் சொன்னதில்லை என்றார்.

அமாவாசைக்கு இலை போட்டு, காக்கைக்கு வைத்து, கனவும் நின்றிருந்தால் இந்த வார்த்தை வந்திருக்குமா? வராது என்று சில ராத்திரிகளில் உறுதியாகத் தோன்றுகிறது. அப்படியானால் நான் பொறுக்கச் சொன்னது சரி. வேறு சில ராத்திரிகளில், இலை போட உட்காரும்போதே, சோற்றை வைக்கும் கையிலேயே அது அவருக்கு வந்திருக்கும், அவருடைய அத்தையிடமே நேராகச் சொல்லியிருப்பார், நடுவில் நான் எதற்கு என்று தோன்றுகிறது. மூத்த ஆலோசகர்களிடம் கேஸைப் பற்றிப் பேசும் சூப்பர்விஷனில் சொன்னபோது, "அவர் சொல்லிவிட்டார் இல்லையா, அதைப் பாருங்கள்" என்றார்கள். பார்க்கிறேன். அவர் அதற்குப் பிறகு வரவில்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கனவு நின்றதால் வராமல் போனாரா, என்மேல் நம்பிக்கை போனதாலா?

புரட்டாசி அமாவாசையன்று காலையில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் வரை போனேன். அவரைத் தேடித்தான் போனேன். வீட்டில் படையல் போடுகிறவரைக் கடற்கரையில் தேடியதில் அர்த்தமில்லை என்று திரும்பும்போதுதான் உறைத்தது.

முதல் நாள் கேஸ் நோட்டில் "மாமியார் – தன் நிழல்?" என்று எழுதியிருக்கிறேன். தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளாத மனதின் பகுதிக்கு யுங் வைத்த பெயர்தான் நிழல். அதை அடித்துவிட்டு "மாமியார்" என்று மட்டும் விட்டுவிடலாம் என்று அவ்வப்போது பேனாவை எடுக்கிறேன். அடுத்த பக்கத்தில் கஞ்சி பற்றிய வரி இருக்கிறது. பேனாவை மூடிவிடுகிறேன்.