கான்டெஸாவும் பிள்ளைகளும்

2025 ஜனவரி 5, ஞாயிறு

மார்கழிப் பனி விலகாத நேரத்தில் எங்கள் பழைய கான்டெஸா காரை வெளியே எடுத்தேன். சோக்கை இழுத்துவிட்டு மூன்றாவது முறை சாவியைத் திருப்பியபோதுதான் இன்ஜின் பிடித்தது. அதற்குள் எதிர்வீட்டுப் பையன்கள் இருவரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மூத்தவன் பிளஸ் ஒன் படிக்கிறான். இளையவன் ஏழாம் வகுப்பு.

1991இல் அப்பா இந்தக் காரை வாங்கி வந்த அன்று தெருவே கூடி நின்றது. அன்று நின்றவர்கள் பார்த்தது காரை அல்ல, அதை வாங்க முடிந்த மனிதரைத்தான் என்று இப்போது தோன்றுகிறது. மில் முதலாளிகளும் அரசியல் தலைவர்களும் போகிற வண்டி என்பதுதான் அதன் பெருமையாக இருந்தது. இந்தப் பையன்களுக்கு அந்தக் கதை எதுவும் தெரியாது. மூத்தவன் கேட்ட முதல் கேள்வி, "தாத்தா, இது எவ்வளவு நீளமுங்க?" என்பதுதான். முப்பத்து நான்கு ஆண்டுகளில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

டேப்பை எடுத்துவந்து இரு முனையிலும் பிடித்து அளந்தார்கள். 4 மீட்டர் 59 சென்டிமீட்டர். அவர்கள் வீட்டு கிரெட்டாவையும் அளந்தார்கள். 4 மீட்டர் 33. ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான வித்தியாசம்தான் என்பதை இளையவன் ஏற்கவில்லை; டேப் தொய்ந்திருக்கும் என்று சொல்லி மறுபடியும் அளந்தான். உயரத்தில் கிரெட்டாதான் வென்றது. கான்டெஸாவின் கூரை மூத்தவனின் தோளைக்கூட எட்டவில்லை. அப்படியிருந்தும், "இதுதான் பெருசு" என்று இருவரும் உறுதியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

2025 ஜனவரி 8, புதன்

அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். 2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் 4 மீட்டருக்குள் அடங்கும் சிறிய கார்களுக்கு வரி குறைக்கப்பட்டது. அதன் பிறகு நம் ஊரில் கார்களின் உருவமே மாறியது. டிக்கியை வெட்டிச் சுருக்கினார்கள், பானட்டைக் குறுக்கினார்கள், உட்கார இடம் வேண்டும் என்பதற்காகக் கூரையை உயர்த்தினார்கள். அந்த ஆண்டுக்குப் பிறகு பிறந்த ஒரு பிள்ளை, மேசையைப் போலத் தட்டையாக முன்னால் நீளும் பானட்டையும் பின்னால் தனியாக நீளும் டிக்கியையும் தன் தெருவில் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. அவர்கள் கண்ட பெருமை அளவில் இல்லை, அந்த வடிவத்தில் இருக்கிறது.

2025 ஜனவரி 16, வியாழன், காணும் பொங்கல்

ஆழியாறு அணைக்குக் குடும்பத்தோடு போய் வந்தோம். தம்பியின் பேத்தி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பின்சீட்டில் ஏறி அமர்ந்தவள் தோளுக்குப் பின்னால் கையைவிட்டுத் துழாவினாள். "பெல்ட் எங்க தாத்தா?" என்றாள். பின்சீட்டுக்குப் பெல்ட் கிடையாது என்றேன். உடனே இறங்கி முன்சீட்டுக்கு வந்து பெல்ட்டை மாட்டிக்கொண்ட பிறகே கிளம்பச் சம்மதித்தாள். என் தம்பிக்குக் கோபம் வந்தது. ராஜா மாதிரி இருக்கிற வண்டியில் குறை சொல்கிறாளே என்றான். எனக்கு அவள் மீது மரியாதைதான் கூடியது. இவ்வளவு காலமும் எங்கள் பிள்ளைகளை நாங்கள் எப்படி ஏற்றிச் சென்றோம் என்ற எண்ணம் பொள்ளாச்சி வரை கூடவே வந்தது.

பின்சீட்டின் நடுவில் அமர்ந்த எட்டு வயதுப் பையன், காலுக்கடியில் ஏன் இந்த மேடு என்று கேட்டான். முன்னால் இருக்கிற இன்ஜின் பின்சக்கரத்தைச் சுற்ற வேண்டும், அதற்கான நீண்ட தண்டு அந்த மேட்டுக்குள் ஓடுகிறது என்று விளக்கினேன். அவன் மேட்டின் மீது உள்ளங்கையை வைத்து, வண்டியின் வேகம் கூடும்போதும் குறையும்போதும் அதிர்வு மாறுவதைக் கவனித்துக்கொண்டே வந்தான். பிறகு ஜன்னலோரம் மாறியவனுக்குக் கண்ணாடியை ஏற்றும் கைப்பிடி கிடைத்துவிட்டது. முதலில் அதைப் பொத்தான் என்று நினைத்து அழுத்தினான், பிறகு இழுத்தான், கடைசியில் அவன் அக்கா சுற்றிக் காட்டினாள். அணை வந்துசேரும் வரை அந்தக் கண்ணாடி மேலும் கீழுமாகப் போய்க்கொண்டே இருந்தது.

2025 ஜனவரி 26, ஞாயிறு

பெட்ரோல் வாசனை அடித்ததால் பானட்டைத் திறந்தேன். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர்க் குழாய் வெடித்திருந்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பரை அரித்துவிடும் என்று எங்கள் மெக்கானிக் முன்பே எச்சரித்திருந்தார். அவருடன் என் அக்காவின் பேரனும் வந்தான். ஆட்டோமொபைல் டிப்ளமோ இறுதியாண்டு படிப்பவன். கோளாறைக் காட்டும் ஸ்கேனரைச் சொருகும் இடம் எங்கே என்றுதான் முதலில் தேடினான். அப்படி ஓர் இடமே இல்லை என்றதும் சற்றுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவன், இன்ஜினுக்கும் தகட்டுக்கும் இடையே தரை தெரிவதைக் கண்டுபிடித்து, "கையை விட்டு எதை வேணும்னாலும் தொடலாம் போலிருக்கே!" என்றான். அந்தக் குரலில் இருந்த மகிழ்ச்சியை நான் எதிர்பார்க்கவில்லை.

இது அமெரிக்கக் காரா என்றும் கேட்டான். பார்க்கிற இளைஞர்களில் பாதிப்பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் நிறுவனத்து மாடல் ஒன்றின் அச்சுகளை வாங்கி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாடாவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984இல் தயாரிக்கத் தொடங்கியது என்பதைச் சொன்னேன். தொடக்கத்தில் அம்பாசிடரின் 1,489 சிசி இன்ஜினையே இதிலும் வைத்தார்கள். இவ்வளவு எடையை அது திணறித்தான் இழுத்தது. பிறகு ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் இன்ஜினும் ஐந்து கியரும் வந்தபோதுதான் உடம்புக்கேற்ற உயிர் வந்தது. 2002இல் தயாரிப்பு நின்றுபோனது.

மெக்கானிக் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜின் மீது ஊன்றி, கைப்பிடியைப் பையனின் காதோடு சேர்த்து வைத்தார். வால்வுகளை இயக்கும் டேப்பட்டின் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை இடம் மாற்றி மாற்றிக் கேட்கச் சொன்னார். பையன் கண்களை மூடிக்கொண்டு கேட்டான். மூன்றாவது இடத்தில் நிறுத்தி, "இங்கதானுங்க" என்றான். மெக்கானிக் தலையாட்டினார். தேய்ந்துபோன இணைப்பு ஒன்றைக் கோவை கணபதியில் உள்ள லேத் பட்டறையில் கடைந்து வாங்கிவர அவனையே அனுப்பினோம்.

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

நேற்று மாலை நண்பரின் மகனுக்கு மாப்பிள்ளை அழைப்பு. இந்தக் கார்தான் வேண்டும் என்று மணமகனே கேட்டிருந்தான். மண்டப வாசலில் அவனுடைய தோழர்கள் சூழ்ந்துகொண்டு படம் எடுத்தார்கள். எல்லோரும் இதை 'வின்டேஜ்' என்றார்கள். 2021இல் வந்த மத்திய அரசின் விதிப்படி 50 ஆண்டு கடந்த வாகனமே அந்தப் பெயருக்கு உரியது. கான்டெஸாக்கள் எதற்கும் இன்னும் அந்த வயது ஆகவில்லை.

அவர்களில் ஒருவன் என்னைத் தனியே அழைத்து, கறுப்பு வண்ணம் அடித்து, அகலமான டயர் போட்டு, உயரத்தை இறக்கினால் மிரட்டலாக இருக்கும் என்றான். காரின் மீதுள்ள ஆசையில்தான் சொன்னான். ஆனாலும் மனம் கனத்தது. துருப்பிடித்துக் கிடக்கும் வண்டியை அப்படி மாற்றி ஓட வைத்தால் அது நல்ல காரியம். முழுமையாக இருக்கும் ஒன்றை வெட்டிவிட்டால் அந்தத் தகடு இனி எங்கும் கிடைக்காது. இதை நிதானமாகச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான், பிறகு முன்விளக்கைச் சுற்றியுள்ள பட்டையை விரலால் தடவிப் பார்த்தபடி வெகுநேரம் நின்றான்.

2025 பிப்ரவரி 16, ஞாயிறு

பின்சீட்டுக்குப் பெல்ட் பொருத்தியாகிவிட்டது. தம்பியின் பேத்தி வந்து இழுத்துச் சரிபார்த்தாள். பிறகு சாவியைக் கேட்டாள். கடந்த ஆண்டே லைசென்ஸ் எடுத்தவள்தான் என்றாலும், திரையைப் பார்த்து ரிவர்ஸ் எடுத்துப் பழகியவள். கிளட்ச் கனமாக இருக்கிறது என்று இருமுறை சொன்னாள். வலது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, இடது கையை முன்சீட்டின் மேல் போட்டு, உடம்பை முழுவதும் திருப்பிப் பின்கண்ணாடி வழியே பார்த்தாள். எதிர்வீட்டு இளையவன் ஓடிவந்து வண்டிக்குப் பின்னால் ஓரமாக நின்றுகொண்டு, டிக்கியை உள்ளங்கையால் தட்டித் தட்டி, "வரட்டும், வரட்டும், இன்னும் வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது "போதுமுங்க அக்கா" என்று கையை உயர்த்தினான்.