கமாஸ் பாத்தி

"ஒரு படிவம் இருக்கிறது. நிரப்பிக் கொடுத்தால் அனுமதி வந்துவிடும்" என்றுதான் சொன்னேன். குரலைக்கூட உயர்த்தவில்லை. இரண்டு வருடமாகியும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை.

எங்கள் வளாகம் இருப்பது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து வில்லமெட் பள்ளத்தாக்கில். கலப்பூயா பழங்குடி மக்களின் மண் இது. 1855இல் ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டு, மறுவருடமே அவர்களைப் பழங்குடிகளுக்கென ஒதுக்கிய கிராண்ட் ரோண்டு பகுதிக்கு அனுப்பினார்கள். தோட்டத்து வாசலில் இதைச் சொல்லும் பலகையைத் திருகாணி போட்டு முடுக்கியவன் நான்.

அந்த அம்மாள் வந்தது ஜூனில். கமாஸ் என்பது கலப்பூயா மக்கள் தலைமுறைகளாகத் தோண்டித் தின்ற கிழங்குச் செடி. பாத்தியில் அதன் நீலப் பூக்கள் உதிர்ந்து விதைக்காய்கள் காய்ந்திருந்தன. குறுக்குப் பிடி வைத்த இரும்புக் கம்பியை ஊன்றி, உடம்பைச் சாய்த்தார். புல்லோடு மண் மூடிபோலத் திறந்தது. பெரிய கிழங்கு இரண்டை எடுத்துக்கொண்டு, பூண்டுப் பல் அளவில் இருந்தவற்றை அங்கேயே விட்டார். குழிக்குள் விதைகளை உதறி, மூடியை அழுத்தி மூடினார். அப்போதுதான் நான் போய் நின்றேன்.

படிவத்தைப் பற்றிச் சொன்னதும் பேசாமல் பார்த்தார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. "நச்சுக் கமாஸும் கலந்திருக்கலாம். பூ போனபின் கிழங்கை வைத்து அடையாளம் தெரியாது. யாராவது தின்றுவிட்டால்?" என்றேன்.

"அதற்காகத்தான் பூத்திருக்கும்போதே வெள்ளையைப் பிடுங்கிவிடுவோம்" என்றார்.

நச்சுக் கமாஸின் பூ வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளை. அந்த ஏப்ரலில் பாத்தியில் தலைகாட்டிய இரண்டையும் பிடுங்கியதே நான்தான். அதை அவரிடம் சொல்லவில்லை.

பயம் பொய்யில்லை. செங்காந்தள் கிழங்கைத் தின்று செத்தவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். மாணவர்கள் நடமாடும் இடம்; ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான். இரண்டைத்தான் பார்த்தேன், மூன்றாவது இருந்திருந்தால்? இப்படியெல்லாம் எனக்கு நானே வாதாடுவேன். ஆனால் பயம் முதலில் வந்திருந்தால் முதல் வார்த்தையே நஞ்சாக இருந்திருக்கும். எனக்கு வந்தது படிவம். அதிலும், கிழங்கைக் குழியில் சூடான கற்களின் மேல் வைத்து ஓரிரு நாள் மூடி வேகவைத்தால் இனிக்கும் என்று பக்கத்துப் பலகையில் எழுதி வைத்திருப்பதும் நாங்கள்தான்.

"கடைசியாக இதை எப்போது தோண்டினீர்கள்?" என்று கேட்டார். "தோண்டுவதில்லை, பாதுகாக்கிறோம்" என்றேன். சிரித்தாரா இல்லையா என்று இன்றுவரை எனக்கு உறுதியில்லை. எடுத்த இரண்டையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதை நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

படிவம் வரவில்லை. அவரும் வரவில்லை.

போன ஜூனில் பாத்தியை நானே கிளறினேன். கிழங்குகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன. பதிவேட்டில் 'பராமரிப்பு' என்று எழுதினேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெரியவை அரை வாளி தேறின. யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வாளி பத்து நாள் கொட்டகையில் இருந்தது. பிறகு எடுத்துக்கொண்டு போய் அதே பாத்தியில் நட்டுவிட்டேன்.