அடுத்த ஐந்தொகை வரை

எனக்கு ஐம்பத்தெட்டு வயது முடிந்துவிட்டது என்று தெரிந்ததிலிருந்து, கோயிலில் பார்த்தாலும் கல்யாண வீட்டில் பார்த்தாலும் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: "என்னண்ணே, இன்னும் கடைக்குப் போறீகளா?"

போகிறேன். காரைக்குடியில் பெயிண்ட், இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் நிறுவனம். தேவகோட்டையிலும் புதுக்கோட்டையிலும் கிளைகள் உண்டு. பேரேட்டைக் கையால் எழுதிய காலத்தில் கணக்கராகச் சேர்ந்தவன் நான். பிறகு கம்ப்யூட்டரில் கணக்கு எழுதும் டாலி வந்தது, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. "உங்களை யாருண்ணே போகச் சொன்னா? முடியுற வரைக்கும் இருங்க" என்கிறார் முதலாளியின் மகன். "உழைச்சது போதும், உடம்பைப் பாருங்க" என்கிறாள் மனைவி. இரண்டும் அன்பாகச் சொல்வதுதான். ஆனால் "முடிகிற வரைக்கும்" என்ற பேச்சு எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. முடியவில்லை என்று யார் சொல்வது, எப்போது சொல்வது?

பணக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தேன். அது தெளிந்தால்தான் மற்றதை நிதானமாக யோசிக்க முடியும். எங்களுக்கு உள்ளது 1995 நவம்பரில் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். பென்ஷனுக்குரிய சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாதப் பென்ஷன். சம்பளத்துக்கு 2014 செப்டம்பரிலிருந்து 15,000 ரூபாய் உச்சவரம்பு. 35 வருடச் சேவையை முழு 15,000த்தில் கணக்கிட்டாலே 7,500 ரூபாய்தான் வரும். 2014க்கு முந்தைய சேவைக்கு வரம்பு இன்னும் குறைவு என்பதால் எங்களைப் போன்றவர்களுக்கு அதுவும் வராது.

58இல் வாங்காமல் 60 வரை தள்ளிப்போட்டால் வருடத்துக்கு 4 சதவீதம் கூட்டித் தருவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால் வேறு மாதிரி. ஒரு வருடம் தள்ளினால் 12 மாதப் பென்ஷன் போகிறது. அதற்குப் பதிலாக மாதாமாதம் கிடைப்பது பென்ஷனில் 4 சதவீதம். விட்டதைப் பிடிக்க 300 மாதம், அதாவது 25 வருடம் வேண்டும். தொகை எதுவானாலும் விடை இதுதான். நான் தள்ளிப்போடவில்லை. வேலையை விட்டால்தான் பென்ஷன் என்று நினைத்து, 58 முடிந்தும் விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் எங்கள் பஜாரிலேயே உண்டு. அப்படி இல்லை. வேலையில் இருந்துகொண்டே வாங்கலாம். முதலாளியின் பங்கில் பென்ஷனுக்குப் போய்க்கொண்டிருந்த 8.33 சதவீதமும் 58க்குப் பிறகு நம் பிஎஃப் கணக்கிலேயே சேரும்.

ஆக, பென்ஷன் மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. சேமிப்போடு சேர்த்தால் சிக்கனமாக நடத்தலாம். போகவும் முடியும், இருக்கவும் முடியும் என்ற நிலை. இது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆத்தங்குடியில் டைல்ஸ் போடும் உறவினர் ஒருவர் இருக்கிறார். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, அறை அறையாகச் சாயக்கலவையை ஊற்றி, மேலே சிமெண்டையும் மணலையும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறப்போடுகிற வேலை. "எப்ப ஓய்வு?" என்று அவரிடம் யாரும் கேட்டதே இல்லை. அவருடைய மணிக்கட்டு சொல்லும்போதுதான் நிறுத்துவார். அவரை வைத்துப் பார்க்கும்போது, யோசித்து முடிவெடுக்க எனக்குக் கிடைத்திருக்கும் அவகாசமே பெரிய கொடுப்பினை.

அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்த நண்பருக்கு வேறு அனுபவம். 2020 மே மாதம் 58இல் ஓய்வு என்று எல்லா ஏற்பாடும் செய்திருந்தார். அந்த மாதமே ஓய்வு வயது 59 ஆனது. அடுத்த ஆண்டு 60 ஆனது. இரண்டு வருடமும் மனதால் ஓய்வு பெற்றுவிட்ட ஒருவராகத்தான் பள்ளிக்குப் போய்வந்தேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். சம்பளம் வந்தது, மகிழ்ச்சிதான். ஆனால் இருப்பது தன் முடிவாக இல்லையே என்ற குறை அவருக்கு.

என் யோசனைக்கு வழி கிடைத்தது எங்கள் ஐயாவின் நினைவிலிருந்து. அப்பச்சியை, அதாவது அப்பாவை, பெற்றவர். சொந்த மார்க்கா, அதாவது சொந்தக் கடைப்பெயர், வைத்த பெரிய வீடு இல்லை எங்களுடையது. ஐயா பர்மாவில் இன்னொருவர் வட்டிக்கடையில் எடுபிடி வேலை செய்யும் பெட்டியடிப் பையனாகப் போய், மேலாளுக்கு அடுத்தபடியான அடுத்தாளாக உயர்ந்தவர். அந்தக் காலத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போகிறவர்களுக்கு மூன்று வருடக் கணக்கு. அது முடிந்ததும் பொறுப்பை அடுத்து வருகிறவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். சில மாதம் வீட்டில் இருந்து, நல்லது கெட்டது பார்த்து, மறுபடி போவதா என்று அப்போது முடிவு செய்வார்கள். 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததோடு அந்தப் போக்குவரத்து முடிந்துபோனது. ஐயா பிறகு தேவகோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதினார். அங்கேயும் வருடா வருடம் ஐந்தொகை, அதாவது வருட முடிவுச் சொத்து-கடன் கணக்கு, எடுத்துக் கொடுத்துவிட்டு, "அடுத்த வருசத்துக்கு இருக்கவா?" என்று தானே முதலாளியிடம் கேட்பாராம். முதலாளிக்கும் அது சங்கடமாக இருந்ததில்லை, இவருக்கும் இருந்ததில்லை. குடும்பத்தை மூன்று வருடம் பிரிந்திருந்ததன் வேதனையை அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த ஏற்பாட்டை உயர்வாகப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் வேலைக்கு ஒரு தவணை இருந்தது, முடிவில் கணக்கை ஒப்படைக்கும் ஒழுங்கு இருந்தது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

தவணை இல்லாமல் இருப்பதில் நட்டம் யாருக்கு என்று யோசித்தால் எனக்கு நினைவுக்கு வருவது என் பக்கத்து மேசைப் பெண்தான். பல வருடமாக என்னோடு இருக்கிறாள். ஜிஎஸ்டி ரிட்டர்ன், இ-வே பில், வங்கி ஒத்துப்பார்ப்பு எல்லாம் அவள் கையில். ஆனால் பெரிய பாக்கிதாரர்களிடம் பேசுவதும், ஆடிட்டரோடு உட்காருவதும் இன்னும் நான்தான். எந்தக் கொத்தனார் பொங்கலுக்கு முன் பாக்கியை அடைப்பார், எந்த ஒப்பந்ததாரர் காசோலை கொடுத்துவிட்டு இரண்டு நாள் பொறுக்கச் சொல்வார் என்பதெல்லாம் டாலியில் இல்லை, என்னிடம் இருக்கிறது. இதை வைத்துத்தான் கடையில் "அண்ணன் இல்லாம முடியாது" என்கிறார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் "முடிகிற வரைக்கும்" இருந்தால் அவள் எத்தனை வருடம் இரண்டாவது ஆளாகவே இருப்பாள்? அவளுக்கும் வீடு இருக்கிறது, கடன் இருக்கிறது, உயர வேண்டிய வயது இருக்கிறது. தெரிந்ததைக் கொடுக்காமல் அதையே காரணமாகக் காட்டி நாற்காலியில் இருப்பது நியாயமில்லை என்று உறுதியாக நினைக்கிறேன்.

அதனால் முதலாளியிடமும் மகனிடமும் உட்கார்ந்து பேசினேன். வரும் மார்ச் 31 வரை இருக்கிறேன். காலையில் வந்து மதியச் சாப்பாட்டுக்கு வீடு. சம்பளம் அதற்குத் தகுந்தாற்போல் குறையட்டும். தலைமைக் கணக்கர் பொறுப்பும் அதற்குரிய சம்பளமும் தீபாவளிக்குள் அந்தப் பெண்ணுக்குப் போக வேண்டும். வசூல் பேச்சுக்கு இனி அவள் முன்னால் உட்காருவாள், நான் பக்கத்தில் இருப்பேன். ஐந்தொகையை அவளே எடுத்து ஆடிட்டரிடம் கொடுத்த பிறகு, இன்னொரு வருடம் நான் வேண்டுமா, எனக்கும் வேண்டுமா என்று மறுபடி பேசலாம். வேண்டாம் என்று எந்தப் பக்கம் சொன்னாலும் மனத்தாங்கல் கூடாது.

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். அவள் சம்பள உயர்வுக்கு மகன் தயங்கினார். என் சம்பளத்தில் குறைவதைக் காட்டியதும் ஒத்துக்கொண்டார். நடக்காமல் நிற்பது ஒன்றுதான். தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடியோடு நடந்து போக எனக்கு நெடுநாள் ஆசை. பொங்கல் வசூலும் மாதாந்திர ரிட்டர்னும் குறுக்கே வந்து ஒரு வருடமும் போக முடிந்ததில்லை. இந்தத் தை மாதம் விடுப்பு வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். "பார்க்கலாம்ணே" என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் மறுபடி கேட்பேன். இதை மட்டும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.