முதுகுவலி என்று எழுதிக் கொடுத்தேன்

டெல்லியில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். 2017 முதல் 2019 வரை எனக்குக் கடுமையான முதுகுவலி இருந்ததாக என் விடுப்புக் கடிதங்கள் சொல்லும். அந்த இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட எனக்கு முதுகு வலித்ததில்லை.

மூத்தவன் 2013-இல் பிறந்தான். 3.8 கிலோ, ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம். அதற்கப்புறம் தும்மினால் இரண்டு சொட்டு கசியும். பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிட்டேன். 2017 ஏப்ரலில் இரண்டாவது குழந்தை வயிற்றில் மூன்று மாதம். ஏழாம் வகுப்பு, ஆறாவது பீரியட், கரும்பலகையில் குறள் எழுதிக்கொண்டிருந்தேன். அடியில் ஏதோ சரிந்து இறங்கியது போல இருந்தது. கழிவறைக்குப் போய்த் தொட்டுப் பார்த்தால் சிறிய எலுமிச்சம்பழம் அளவுக்கு மெத்தென்று ஒரு சதை. கரு கலைகிறது என்றே நினைத்தேன்.

குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். சிறுநீர்ப்பைதான் தன் இடத்திலிருந்து நழுவி, யோனியின் முன்சுவரைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறதாம். 'ப்ரோலாப்ஸ்' என்று எழுதினார். போனில் சொன்னபோது அம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை. "அடி இறங்கியிருக்குடி. உங்க ஆயாவுக்கும் இருந்துச்சு" என்றாள். இத்தனை வருடமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "இதையெல்லாமா சொல்லிட்டிருப்பாங்க?"

இடுப்பின் அடியில் தசைகள் தூளி கட்டின சேலை மாதிரி இருக்கின்றன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் அதன்மேல்தான் இருக்கின்றன. பெரிய குழந்தை, நீண்ட பிரசவ வலி, ஆயுதம் என்று முதல் பிரசவத்திலேயே என் தூளி தொய்ந்துவிட்டது. சிலிக்கோன் வளையம் ஒன்றை உள்ளே பொருத்தித் தாங்கல் கொடுத்தார் டாக்டர். வேடிக்கை என்னவென்றால், ஐந்தாம் மாதத்தில் கருப்பை வளர்ந்து வயிற்றுக்குள் ஏறியதும் இறங்கியது தானாக மேலே போய்விட்டது. வளையத்தை எடுத்துவிட்டார்கள். வயிறு பெருக்கப் பெருக்க எனக்குச் சுகமானது.

அக்டோபரில் மகள் பிறந்தாள். பத்தாம் நாள் அது மறுபடியும் இறங்கிவிட்டது. ஆபரேஷன் இப்போது வேண்டாம், பால் கொடுக்கும்வரை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவாக இருக்கும், திசு மெலிந்திருக்கும், பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். 26 வார மகப்பேறு விடுப்பு அந்த வருடம்தான் சட்டமாகியிருந்தது. அது முடிந்து 2018 ஏப்ரலில் வேலைக்குத் திரும்பினேன்.

ஒரு நாளைக்கு ஆறு பீரியட். காலையில் ஒன்றும் இருக்காது. மதியத்துக்கு மேல் அடியிடுப்பில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டது போலக் கனக்கும். வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் படுத்தால் போய்விடும். எனக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு நாற்காலி. எங்கள் பள்ளியில் வகுப்பில் உட்கார்ந்து பாடம் நடத்தக் கூடாது. காரணம் கேட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு ஆண்கள். "முதுகுவலி" என்றேன். உடனே நாற்காலி வந்தது. ஆயின்மென்ட் பெயர்கூட ஒருவர் சொன்னார். மரியாதைக்குரிய வலி அது.

பொய்க்கும் ஒரு விலை உண்டு. அப்போதிருந்த மகப்பேறு பயன் சட்டத்தின் 10-ஆம் பிரிவில், பிரசவத்தால் வந்த உடல்நலக் குறைவுக்குச் சம்பளத்தோடு கூடுதலாக ஒரு மாதம் வரை விடுப்பு இருந்தது. டாக்டர் சான்று போதும். நான் முதுகுவலிக்கல்லவா லீவு எடுத்தேன்! மகளுக்கு இரண்டு வயதானபோதுதான் அப்படி ஒரு பிரிவு இருப்பதே எனக்குத் தெரியும்.

என்னைத் தேற்றியது பிசியோதெரபிஸ்ட்தான். முதல் நாளே அம்மா கட்டிவிட்ட வயிற்றுத் துணியை அவிழ்க்கச் சொன்னார். மேலே இறுக்கினால் கீழேதானே பிதுங்கும் என்றார். அப்புறம் கெகல் பயிற்சி. அமெரிக்க டாக்டர் ஆர்னால்ட் கெகல் 1948-இல் எழுதியது. காற்றையும் சிறுநீரையும் அடக்குவது போலத் தசையை உள்ளிழுத்துப் பிடித்து விட வேண்டும், மூச்சை மட்டும் அடக்கக் கூடாது. நானோ ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் வருகைப் பதிவேடுதான் கைகொடுத்தது. பேசிக்கொண்டே மூச்சைப் பிடிக்க முடியாதே! நான்கு பெயர் கூப்பிடும்வரை பிடிப்பேன், அடுத்த நான்கு பெயருக்கு விடுவேன். 'ப்ரெசன்ட் மேம்', 'ப்ரெசன்ட் மேம்'. 42 பிள்ளைகள் கொண்ட வகுப்பில் ஐந்து தடவை. அவ்வளவு நிதானமாக நான் வருகை எடுத்ததே இல்லை. யார் எப்போதும் தாமதமாக வருகிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது.

நான்கு மாதத்தில் கனம் குறைந்தது. முழுக்கப் போகவில்லை. அந்த நவம்பரில், தீபாவளி முடிந்த வாரம், டெல்லிப் புகை கிளம்பியது. எனக்கு இருமல் பிடித்தால் மூன்று வாரம் விடாது. ஒவ்வொரு இருமலும் தூளியில் ஒரு உதை. இருமல் வருவதற்கு ஒரு நொடி முன்னால் தசையை இறுக்கிக்கொள்ளப் பழகினேன். குழந்தையைத் தூக்கும்போதும், தண்ணீர் கேனைத் தூக்கும்போதும் அதே. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை. சப்பாத்தி ஊரில் அதற்குத் தனிச் சாமர்த்தியம் வேண்டும்.

எங்கள் பள்ளி ஆயாம்மா விழுப்புரம் பக்கம். டெல்லியில் ஜங்புராவிலிருந்து வருவார். 2019-இல் ஒரு மாலை நான் நாற்காலியில் சாய்ந்திருந்தபோது தரை துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"மிஸ், உங்களுக்கு முதுகுவலி இல்ல, அதானே?"

எனக்கு வாய் வரவில்லை.

"எனக்கும் இருக்கு மிஸ். பதினாறு வருஷம். உக்காந்து எழுந்தா கையால உள்ள தள்ளிக்குவேன்." அன்றைக்கும் தண்ணீர் நிறைந்த பக்கெட்டை இரண்டு மாடி தூக்கி வந்திருந்தார்.

"டாக்டர்கிட்ட போகலையாக்கா?"

"போய் என்னன்னு சொல்றது மிஸ்?"

ஒரு சனிக்கிழமை நானே அழைத்துப் போனேன். அரசு மருத்துவமனை, நீண்ட வரிசை. கவுன்ட்டருக்குள்ளிருந்தவர் "க்யா தக்லீஃப் ஹை?" (என்ன தொந்தரவு?) என்றார். ஆயாம்மா என்னைப் பார்த்தார், பின்னால் நின்ற ஆண்களைப் பார்த்தார். "கமர் மே தர்த்" என்றார். அதே முதுகுவலி.

"இல்லை, பச்சேதானி (கருப்பை). வெளியே வருது" என்று நான் இந்தியில் உரக்கச் சொன்னேன். என் காது சூடானது. அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. சீட்டில் மகளிர் பிரிவு என்று எழுதி, அறை எண்ணைப் போட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.